இரண்டாவது ஃபிளாஷ் எது வாங்கலாம்?

தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது. சோனி ஏ7 III கேமராவும், அதன் தலையில் கோடாக்ஸ் டிடி 685 ஃபிளாஷ் ஒன்றும் வைத்திருக்கிறார். இரண்டு வருடமாகத் தஞ்சாவூர்ப் பக்கம் கல்யாண வேலை, நடுநடுவே ஜோடிகளை வைத்து அவுட்டோர் ஷூட். ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றித் தள்ளி வைத்து எடுக்கப் பழக வேண்டும் என்று ஆசை. கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. இன்னொரு டிடி 685 வாங்கவா, அதே கம்பெனியின் சக்தி கூடிய ஏடி 200 ப்ரோ வாங்கவா, கொஞ்சம் கடன்பட்டாவது ஏடி 600 ப்ரோ மாதிரி பெரிய லைட்டாக வாங்கிவிடவா என்பது கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் செலவு டிரிக்கர் (தள்ளி வைத்த ஃபிளாஷைக் கேமராவிலிருந்து ரேடியோவில் அடிக்க வைக்கும் கருவி), ஸ்டாண்ட், குடை, நல்ல ரீசார்ஜபிள் செல். அதை வைத்து ஒரு மாதம் வேலை பாருங்கள். அடுத்து ஏடி 200 ப்ரோ. அப்புறம் பணம் சேரும்போது சக்தியை நாமே கையால் வைக்கும், விலை குறைந்த மேனுவல் ஃபிளாஷ் ஒன்று. ஏடி 600 இப்போதைக்கு வேண்டாம், அதற்காகக் கடன் நிச்சயமாக வேண்டாம்.

இந்த வரிசைக்கு எப்படி வந்தேன் என்றால், உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் என்ன இருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். கடைசி ஐந்து கல்யாணங்களைத் திறந்து, ஆல்பத்துக்குக் கொடுக்காமல் ஒதுக்கிய படங்களை மட்டும் பாருங்கள். முகம் வெள்ளையாக, தட்டையாக, பின்சுவரில் கறுப்பு நிழல் ஒட்டிக்கொண்டு இருக்கும் படங்கள் ஒரு கட்டு. ஆட்கள் வெளிச்சத்தில், பின்னால் மண்டபம் இருட்டுக் குகையாக இருக்கும் படங்கள் ஒரு கட்டு. வெயிலில் எடுத்ததில் வானம் வெளுத்துப் போனவை, அல்லது வானம் நன்றாக வந்து முகம் கறுத்தவை. அப்புறம், முக்கியமான நொடியில் ஃபிளாஷ் அடிக்காமல் போனவை. நான்குக்கும் மருந்து வேறு வேறு. முதல் கட்டுக்கு வேண்டியது ஃபிளாஷை நகர்த்தி வைக்க ஒரு வழி, இரண்டாவதற்கு இன்னொரு ஃபிளாஷ், மூன்றாவதற்கு அதிக சக்தி, நான்காவதற்கு நல்ல செல். எந்தக் கட்டு பெரிதோ அதற்குத்தான் முதலில் காசு போக வேண்டும். கேமரா மேலேயே ஃபிளாஷ் வைத்து எடுப்பவர்களிடம் பெரும்பாலும் முதல் கட்டுதான் பெரிதாக இருக்கும்.

டிரிக்கரிலிருந்து தொடங்கலாம். உங்கள் டிடி 685க்குள் கோடாக்ஸின் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ரிசீவர் ஏற்கெனவே இருக்கிறது. சோனிக்கான எக்ஸ்2டி அல்லது எக்ஸ்ப்ரோ டிரிக்கர் ஒன்றை வாங்கிக் கேமராவில் மாட்டினால் போதும், ஃபிளாஷ் எங்கே இருந்தாலும் அடிக்கும். நான் எக்ஸ்ப்ரோ வாங்கச் சொல்வேன். பெரிய திரையில் ஏ, பி, சி என்று குழுவுக்கு ஒரு வரியாகத் தெரியும், மேடைக்குக் கீழே நின்றபடியே பின்னால் இருக்கும் ஃபிளாஷை மட்டும் ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம், குறைத்துக்கொள்ளலாம். இதன் அருமை ஆறடி உயர ஸ்டாண்டில் இருக்கும் ஃபிளாஷின் பட்டனை ஒவ்வொரு முறையும் எட்டிப் பிடித்து அழுத்தியவர்களுக்குத் தெரியும்.

டிரிக்கர் வாங்கும்போதே எந்தக் குடும்பத்துக்குள் போகிறோம் என்பது முடிவாகிவிடுகிறது. பொதுவாக ஒரு கம்பெனியின் ரேடியோ இன்னொன்றோடு பேசாது. கோடாக்ஸில் இருக்கிறீர்கள், அதிலேயே இருங்கள். ஆஃபர் வருகிறது என்று வேறு பிராண்ட் ஃபிளாஷ் ஒன்றை வாங்கி, அதற்குத் தனி ரிசீவர், அந்த ரிசீவருக்குத் தனி செல் என்று போனால், முகூர்த்த நேரத்தில் எது அடிக்கவில்லை, ஏன் அடிக்கவில்லை என்று தேடுவதே வேலையாகிவிடும். ஒரே குடும்பத்தில் இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஸ்டாண்டில் நின்று அடிக்கும்போது கோடாக்ஸ் ஃபிளாஷுக்குக் கேமரா பிராண்ட் முக்கியமில்லை. கேனான் கேமராவில் மாட்டும் காலுள்ள டிடி 685 ஒன்று செகண்ட் ஹாண்டில் நல்ல விலைக்கு வந்தால் தயங்காமல் வாங்கலாம். சோனி டிரிக்கரிலிருந்து அது டிடிஎல் (சக்தியைக் கேமராவே முடிவு செய்வது), ஹெச்எஸ்எஸ் (வேகமான ஷட்டரிலும் ஃபிளாஷ் அடிப்பது) எல்லாவற்றோடும் வேலை செய்யும். உங்கள் கேமரா மேலே மாட்ட முடியாது, அவ்வளவுதான். ஏடி 200, ஏடி 600 லைட்டுகளுக்கு அந்தக் காலே கிடையாது. நாளைக்கே நீங்கள் நிக்கானுக்கு மாறினாலும் டிரிக்கரை மட்டும் மாற்றினால் போதும்.

படிக்கிறவர்களில் கேனான் 1500டி, 3000டி, 200டி II வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த கேமராக்களின் தலையில் ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூவில் நடுப்புள்ளி கிடையாது, கேனான் எடுத்துவிட்டது. ஒற்றைப் புள்ளி மட்டும் உள்ள மேனுவல் ஃபிளாஷோ பொதுவான டிரிக்கரோ அதில் அடிக்காது. கேனானுக்கென்றே செய்த டிரிக்கர்தான் வேண்டும். அதையும் உங்கள் கேமராவில் மாட்டி அடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

செலவே இல்லாமல் கிடைக்கும் வெளிச்சத்தைப் பற்றி இந்த இடத்தில் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘பவர் போதவில்லை’ என்ற புகாரில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும். ஃபிளாஷ் ஆளிடமிருந்து மூன்று மீட்டரில் இருக்கிறது. அதை ஒன்றரை மீட்டருக்குக் கொண்டு வாருங்கள். வெளிச்சம் நான்கு மடங்கு, அதாவது இரண்டு ஸ்டாப். அதே இரண்டு ஸ்டாப்பை ஃபிளாஷ் வாங்கிப் பெறப் பார்த்தால், ஒன்று இருக்கும் இடத்தில் நான்கு வேண்டும். இன்னொரு டிடி 685 வாங்கி இரண்டையும் ஒரே குடைக்குள் அடித்தால் கிடைப்பது ஒரே ஒரு ஸ்டாப். இது தெரியாமல் முதல் வருடத்திலேயே பெரிய லைட் வாங்கி, அதை முழுநேரமும் 1/16 சக்தியில் ஓட்டிக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உள்ளே எடுக்கும்போது ஐஎஸ்ஓவும், அதாவது கேமரா வெளிச்சத்தை வாங்கும் திறனும், பெரிய உதவி. ஐஎஸ்ஓ 400இலிருந்து 1600க்குப் போனால் ஃபிளாஷ் கால் பங்கு சக்தியில் அடித்தால் போதும். ஏ7 III 1600இல் சுத்தமான படம் கொடுக்கும். சக்தி குறையும்போது சார்ஜ் உடனே ஏறும், செல் நீண்ட நேரம் வரும். இன்னொன்றும் நடக்கும். முழுச் சக்தியில் இந்த ஃபிளாஷின் வெளிச்சம் நீடிப்பது 1/300 நொடி அளவு. சக்தியைக் குறைக்கக் குறைக்க அந்த நேரமும் சுருங்கும். தாலி கட்டும்போது அட்சதை பறக்கிறதே, அதை முழுச் சக்தியில் எடுத்தால் ஒவ்வொரு அரிசியும் இழுத்த கோடாக விழும். 1/8, 1/16 சக்தியில் எடுத்தால் மஞ்சள் தடவிய ஒவ்வொரு மணியும் மாப்பிள்ளை தலைக்கு மேல் அந்தரத்தில் தனித்தனியாக நிற்கும். இரண்டு ஃபிளாஷ் வைத்து இரண்டையும் குறைந்த சக்தியில் அடிப்பதன் நியாயம் இதில்தான் எனக்குப் புரிந்தது.

அடுத்தது செல். டிடி 685க்கு ஏஏ அளவில் நான்கு பென்சில் செல் வேண்டும். அவை எனலூப் மாதிரி நல்ல நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜபிள் செல்களாக இருக்கட்டும். மூன்று செட், அதாவது பன்னிரண்டு. எந்த நான்கு சேர்ந்து ஓடுகிறதோ அந்த நான்கின் மேலும் ஒரே எண்ணை மார்க்கரில் எழுதி, சேர்த்தே சார்ஜ் போடுங்கள். ஒரு செட்டில் ஒரு செல் நைந்திருந்தாலும் மற்ற மூன்றையும் அது இழுத்துக் கீழே கொண்டுவந்துவிடும். பெட்டிக்கடை ஆல்கலைன் செல்லில் 1.5 வோல்ட், ரீசார்ஜபிளில் 1.2 வோல்ட்தானே என்று சிலர் கேட்பார்கள். ஃபிளாஷ் கேட்பது ஒரே மூச்சில் பெரிய கரண்ட். ஆல்கலைன் செல்லின் உள்தடை அதிகம் என்பதால் அதைக் கொடுக்கத் திணறும், சூடாகும்.

இதை நான் ஒரு முகூர்த்தத்தில் கற்றேன். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் விடியற்கால முகூர்த்தம். சார்ஜ் போட்ட செல் டப்பா வீட்டிலேயே தங்கிவிட, பஸ் ஸ்டாண்டு கடையில் கிடைத்த செல்லைப் போட்டுக்கொண்டு போனேன். சடங்குகள் வரைக்கும் சரியாகவே ஓடியது. கெட்டிமேளம் கொட்டியதும் முதல் முடிச்சு எடுத்தேன், வெளிச்சம் விழுந்தது. ஃபிளாஷ் தயார் என்று காட்டும் பின்பக்கச் சிவப்பு விளக்கு அணைந்தது, திரும்ப எரியவில்லை. விசில் மாதிரி ஒரு மெல்லிய சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டாவது முடிச்சு போயிற்று. நாத்தனார் குனிந்து மூன்றாவது முடிச்சைப் போட்டதும் போயிற்று. அப்புறம்தான் விளக்கு எரிந்தது. மூன்று முடிச்சில் ஒன்றுதான் என்னிடம் ஒழுங்காக இருந்தது. ஐஎஸ்ஓவை ஏற்றியிருந்தால் இவ்வளவு மோசமாகப் போயிருக்காது என்று இன்று தெரிகிறது. அந்தக் குடும்பத்துக்கு அந்த இரண்டு படங்களை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அதனால்தான் செல் விஷயத்தை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ஸ்டாண்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஃபிளாஷுக்கு இவ்வளவு செலவு செய்துவிட்டு, அதைத் தாங்குவதற்கு மெல்லிய தகரக் குழாய் வாங்குகிறோம். இரண்டே முக்கால் மீட்டர் அளவுக்கு உயரக்கூடிய, கால்கள் அகலமாக விரியும் ஸ்டாண்ட் ஒன்று வாங்குங்கள். பாதிக்குமேல் மேலே ஏற்றாமல் வைத்தால் நன்றாக நிற்கும். கோடாக்ஸின் எஸ்2 பிராக்கெட் ஒன்றும் வேண்டும். அது ஃபிளாஷின் காலைப் பிடிக்காமல் தலையைக் கவ்விப் பிடிப்பதால் கால் உடையாது. குடை சொருக ஓட்டை உண்டு, வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டியான சாஃப்ட்பாக்ஸும், போவன்ஸ் மவுண்ட் (மாட்டும் வளையம்) உள்ளதென்றால், அதிலேயே மாட்டும். போவன்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி 2017இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அவர்களுடைய மவுண்டை மற்ற எல்லாரும் எடுத்துக்கொண்டதால், இன்று விலை குறைந்த சாஃப்ட்பாக்ஸிலிருந்து எண்கோண வடிவான பெரிய ஆக்டாபாக்ஸ் வரை அந்த மவுண்டில் கிடைக்கிறது. வேறு மவுண்டில் இப்போது காசு போடாதீர்கள்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை நம்மவர்கள் வெளியில் லைட் வைக்கும்போது மறந்துவிடுகிறார்கள். சாஃப்ட்பாக்ஸும் குடையும் காற்றுக்குப் பாய்மரம். காவிரிக்கரை மணலில் நான் ஸ்டாண்டை விட்டு இரண்டு அடி நகர்ந்தபோது குடையோடு அது சாய்ந்து, ஃபிளாஷின் தலை கழுத்தில் முறிந்தது. கீழே யாரும் இல்லை, அது ஒன்றுதான் நிம்மதி. பத்து கிலோ மணல் பிடிக்கும் ஒரு பை, இல்லையென்றால் தண்ணீர் கேன் ஒன்றைக் கயிற்றில் கட்டி ஸ்டாண்டின் நடுவில் தொங்கவிடுங்கள். ஸ்டாண்டின் ஒரு கால் லைட் நீட்டிக்கொண்டிருக்கும் பக்கம் பார்த்து இருக்கட்டும். குழந்தைகள் ஓடும் மண்டபமென்றால் ஸ்டாண்டே வேண்டாம், மோனோபாடின் நுனியில் ஃபிளாஷை மாட்டி ஒரு லைட் பாய் கையில் கொடுங்கள். எந்த ஸ்டாண்டும் அவனைப் போல மணப்பெண்ணோடு கூடவே நடந்து வராது.

குடையா, சாஃப்ட்பாக்ஸா? முதலில் 43 அங்குல வெள்ளைக் குடை. விலை குறைவு, பத்து நொடியில் விரியும். அதன் குறை வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறுவது. சின்ன அறையில் சுவரெல்லாம் வெளுத்துவிடும். அது தொல்லை கொடுக்கத் தொடங்கிய பிறகு, வெளிச்சம் சிதறாமல் தடுக்கும் கிரிட் போட்ட 95 சென்டிமீட்டர் ஆக்டாபாக்ஸ் வாங்கலாம். இரண்டிலும் கவனிக்க வேண்டியது தூரம். ஆக்டாபாக்ஸ் ஒரு மீட்டர் அகலமென்றால், லைட்டும் ஏறக்குறைய ஒரு மீட்டர், ஒன்றேகால் மீட்டர் தள்ளி இருந்தால்தான் மென்மை கிடைக்கும். நான்கு மீட்டர் தள்ளி வைத்த ஆக்டாபாக்ஸ் மீண்டும் சின்ன லைட் ஆகிவிடுகிறது.

நம் கல்யாணங்களுக்கு இந்த மென்மை ஏன் முக்கியம் என்பதைப் பட்டுப்புடவையில் பார்க்கலாம். ஜரிகை உலோகம், கண்ணாடி மாதிரி நடந்துகொள்ளும். சின்ன ஃபிளாஷை நேராக அடித்தால் ஜரிகையில் அங்கங்கே வெள்ளைப் புள்ளி வெடித்து, நடுவில் கறுத்துக் கிடக்கும். பக்கவாட்டில் பெரிய குடை வைத்தால் அதே ஜரிகையில் குடையின் பிம்பமே நீளமாக, மெதுவாக வழியும். தங்க நிறம் தங்கமாகத் தெரியும். நெற்றியில் எண்ணெயும் வேர்வையும் சேர்ந்து பளபளக்கும் தாத்தாவின் முகத்துக்கும் இதே கதைதான். நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் பக்கத்திலிருந்து வரும் பெரிய வெளிச்சம் கன்னத்தில், தாடையில் ஒரு மினுமினுப்பைக் கொடுக்கிறது. எக்ஸ்போஷரை ஏற்றி முகத்தை வெளுக்க வைக்கிற பழக்கத்தை விட்டுவிட்டு, லைட்டை நாற்பத்தைந்து டிகிரி பக்கத்தில் வைத்து, அந்த மினுமினுப்பைப் பார்த்துப் பார்த்து எடுங்கள். உங்கள் படங்கள் மாறுவதை வீட்டுக்காரர்களே சொல்வார்கள்.

குடை கூட இல்லாத நேரம் வந்தால் எட்டு முழ வெள்ளை வேட்டி ஒன்றைக் கொடியில் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் ஒன்றரை மீட்டர் தள்ளி ஃபிளாஷை வைத்து அடியுங்கள். பழைய வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டியை இப்படி எடுத்தேன். ஜன்னல் வெளிச்சம் என்றே எல்லாரும் நினைத்தார்கள். கரையை மட்டும் வெளிச்சம் படாதபடி மடித்துவிட வேண்டும், இல்லையென்றால் அதன் நிறம் முகத்தில் ஏறும்.

சரி, இப்போது இரண்டாவது ஃபிளாஷ். ஏடி 200 ப்ரோ என்று ஏன் சொல்கிறேன்? உங்கள் வேலையில் பாதி அவுட்டோர். கணக்கைப் பாருங்கள். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/250 வைத்தால், அப்பெர்ச்சர் ஏறக்குறைய எஃப் 11 இருந்தால்தான் வெளிப்புறம் சரியாக வரும். ஏ7 III ஃபிளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச வேகம் அந்த 1/250தான். டிடி 685ஐ முழுச் சக்தியில் குடை வழியாக ஒன்றரை மீட்டரிலிருந்து அடித்தால் என் அனுபவத்தில் எஃப் 8 பக்கம்தான் வரும். ஒரு ஸ்டாப் குறைகிறது, அதுவும் ஒவ்வொரு படத்துக்கும் முழுச் சக்தி, ஒவ்வொரு படத்துக்கும் காத்திருப்பு. ஏடி 200 ப்ரோவின் சக்தி 200 வாட்-செகண்ட். கேமரா மேலே வைக்கும் சாதாரண ஃபிளாஷை 60, 70 வாட்-செகண்ட் என்று வைத்துக்கொண்டால், இது மூன்று மடங்கு, ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல். வெயிலைத் தொட்டுவிடும். முழுச் சக்தியில் அடித்தாலும் இரண்டு நொடிக்குள் மறுபடி தயார், ஒரு பேட்டரிக்கு முழுச் சக்தியில் 500 தடவை என்பது கம்பெனி கணக்கு. பென்சில் செல் கவலை கிடையாது. இவ்வளவும் ஒரு செங்கல்லைவிடச் சின்ன உடம்புக்குள்.

வாங்கும்போது சில பேர் ஃபிளாஷ் பெட்டியில் போட்டிருக்கும் கைடு நம்பரை, அதாவது வெளிச்சம் எவ்வளவு தூரம் எட்டும் என்ற அளவை, பார்த்து ஏமாறுகிறார்கள். டிடி 685க்கு 60 என்று போட்டிருக்கும். அது தலையை 200 மில்லிமீட்டருக்கு ஜூம் செய்து, டார்ச் மாதிரி குவித்து அளந்தது. குடைக்குள் அடிக்கும்போது அகலமாகத்தான் வைப்போம், அந்த 60 அங்கே கிடைக்காது. பிராண்டுகளை ஒப்பிட வாட்-செகண்டைக் கேளுங்கள், அதைச் சொல்லாத ஃபிளாஷென்றால் ஒரே ஜூம் அளவில் கைடு நம்பரை ஒப்பிடுங்கள்.

ஹெச்எஸ்எஸ் இருக்கிறதே, 1/2000 வைத்து எடுக்கலாமே என்பீர்கள். எடுக்கலாம். எஃப் 2.8 வைத்துப் பின்னணியைக் கரைக்க வெயிலில் 1/3200 அளவுக்குப் போக வேண்டியிருக்கும். ஆனால் ஹெச்எஸ்எஸில் ஷட்டர் நகரும் நேரம் முழுக்க ஃபிளாஷ் துடித்துத் துடித்து எரிய வேண்டும். இரண்டு ஸ்டாப்புக்கு மேல் சக்தி அதிலேயே போய்விடும், டிடி 685க்கு மீதி ஒன்றும் இருக்காது. ஏடி 200இல் குடையைக் கழற்றிவிட்டு, நெருக்கமாக வைத்தால் ஓரளவு நடக்கும். என் வழி, ஜோடியை மர நிழலுக்குக் கொண்டுவந்து அங்கே ஃபிளாஷ் வைப்பது. நிழலில் வெயிலோடு சண்டையே கிடையாது. மாலை ஐந்தரைக்கு மேல் என்றால் டிடி 685 ஒன்றே தாராளம்.

ஏடி 200இன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தலை திரும்பாது, சாயாது. கேமரா மேலே மாட்டவே முடியாது. கல்யாணத்தன்று உங்கள் டிடி 685 இறந்துவிட்டால், ஊர்வலத்தில், பந்தியில் ஓடி ஓடி எடுக்க இது உதவாது. அதனால்தான் மூன்றாவதாகச் சோனிக்கான டிடி 600 எஸ் வாங்கச் சொல்கிறேன். டிடிஎல் இல்லாத முழு மேனுவல் ஃபிளாஷ், அதனால் விலை குறைவு. உள்ளே ரேடியோ இருக்கிறது, அவசரத்துக்குக் கேமரா மேலே உட்காரும். மற்ற நாட்களில் அது பின்னால் நிற்கும் ஃபிளாஷ். அவுட்டோர் பக்கமே போகாமல் மண்டபம் மட்டுமே வேலை என்றால் என் பதில் மாறும். அப்போது ஏடி 200க்குப் பதில் லித்தியம் பேட்டரி உள்ள வி860 III. கேமரா மேலேயும் நிற்கும், ஸ்டாண்டிலும் நிற்கும், செல் மாற்றும் தொல்லையும் இல்லை.

பின்னால் நிற்கும் ஃபிளாஷ் என்றேனே, மண்டபம் குகையாகத் தெரியும் அந்த இரண்டாவது கட்டுப் படங்களுக்கு அதுதான் மருந்து. மணவறைக்குப் பின்னால், ஓரத்தில், ஆள் உயரத்துக்கு மேல், தூணிலோ டெக்கரேஷன் கம்பத்திலோ சூப்பர் கிளாம்ப் போட்டுக் கட்டுங்கள். டெக்கரேஷன்காரரிடம் முதல் நாள் இரவே சொல்லிவிடுங்கள், காலையில் சண்டை வராது. அதை 1/32 சக்தியில் வைத்து, முன்னால் இருக்கும் வெளிச்சத்தோடு சேர்த்து அடித்தால் தலைமுடி ஓரமும் தோளும் பின்னணியிலிருந்து பிரிந்து வரும். ஹோமப் புகையை இந்த ஃபிளாஷ் என்ன செய்கிறது என்று ஒரு முறை பார்த்தால் விடமாட்டீர்கள். கேமரா மேலிருந்து அடிக்கும்போது புகை ஒரு சாம்பல் திரையாக முகங்களை மறைக்கும். முன் ஃபிளாஷை அணைத்துவிட்டுப் பின்னாலிருந்து மட்டும் அடித்தால் அதே புகை இழை இழையாகச் சுருண்டு எழுவது தெரியும், நெய் ஊற்றும் கை அதன் நடுவில் நிற்கும். என்னிடம் வரும் புதுப் பையன்களுக்கு நான் முதலில் எடுத்துக் காட்டுவது இந்தப் படம்தான்.

மண்டபத்தில் ஒரு தகராறுக்குத் தயாராக இருங்கள். பெண் வீட்டு போட்டோகிராபரும் மாப்பிள்ளை வீட்டு போட்டோகிராபரும் இருவருமே கோடாக்ஸ் வைத்திருப்பது இப்போது சாதாரணம். இருவரும் பெட்டியிலிருந்து எடுத்தபடி சேனல் 1இல் இருந்தால், அவர் பட்டனை அழுத்தும்போது உங்கள் ஃபிளாஷ் அடிக்கும். சேனல் 32 வரை உண்டு, ஐடி என்று தனி எண்ணும் வைக்கலாம். வந்ததும் அவரிடம் நீங்களே போய், ‘அண்ணே, நான் சேனல் 14இல் இருக்கிறேன்’ என்று சொல்லிவிடுவது நல்லது. கூட்டம் நிறைந்த மண்டபத்தில் மனித உடம்பே இந்த அலைகளை மறைக்கும், அதனால் ஃபிளாஷைத் தலைகளுக்கு மேலே ஏற்றி வையுங்கள். மாறாக, ஃபிளாஷ் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அடிக்க மறுத்தால், டிரிக்கர் மெனுவில் தூரத்தை 0–30 மீட்டர் என்று மாற்றுங்கள்.

சோனியில் இரண்டு அமைப்புகளையும் மறக்க வேண்டாம். சைலண்ட் ஷூட்டிங் ஆன் ஆகியிருந்தால் எந்த ஃபிளாஷும் அடிக்காது, ஃபிளாஷ் கெட்டுப்போனதாக நினைத்துக் கடைக்கு எடுத்துப் போனவர் உண்டு. லைவ் வியூ டிஸ்ப்ளேயில் செட்டிங் எஃபெக்டை ஆஃப் செய்யுங்கள், இல்லையென்றால் இருட்டறையில் வியூஃபைண்டர் கறுப்பாகவே இருக்கும்.

மண்டபத்தின் மஞ்சள் விளக்குகளுக்கு ஃபிளாஷின் முன்னால் ஒட்டும் ஆரஞ்சு நிறத் தாளான சிடிஓ ஜெல் இரண்டு மூன்று அளவில் வாங்கி வையுங்கள், செலவு மிகக் குறைவு. ஃபிளாஷ் நீலம் சாய்ந்த பகல் வெளிச்சம், பழைய மண்டபத்துக் குண்டு பல்பு மஞ்சள். ஜெல் போட்டு இரண்டையும் ஒரு நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டு வைட் பேலன்ஸை அதற்கேற்ப வைத்தால், பின்னால் இருப்பவர்கள் மஞ்சள் காமாலை வந்த மாதிரித் தெரியமாட்டார்கள். வீடியோக்காரரின் எல்இடியும் சேரும் இடத்தில் அவருடைய நிறத்துக்கு நீங்கள் ஒத்துப்போவதுதான் சுலபம்.

அப்பாவோ சித்தப்பாவோ ஸ்டுடியோ வைத்திருந்த வீடுகளில் பழைய ஃபிளாஷ் ஒன்று பரணில் இருக்கும். அதை அப்படியே புதுக் கேமராவில் மாட்டிவிடாதீர்கள். சில பழைய ஃபிளாஷ்களின் காலில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், கேமராவின் உள்சர்க்யூட்டே போய்விடலாம். மல்ட்டிமீட்டரில் அளக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து அளந்து பாருங்கள். நன்றாக இருந்தால் வெளிச்சம் பட்டு அடிக்கும் ஆப்டிகல் ஸ்லேவ் ஒன்றை மாட்டி, கேமராவைத் தொடாமலேயே பின்னணிக்குப் பயன்படுத்தலாம். எதையும் நீங்களே திறக்க மட்டும் கூடாது. அணைத்து வைத்த ஃபிளாஷின் கெபாசிட்டரிலும் ஆளைத் தூக்கிப் போடும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

ஏடி 600 ப்ரோவை ஏன் வேண்டாம் என்றேன் என்பதையும் சொல்லி முடிக்கிறேன். 200இலிருந்து 600க்குப் போவது ஒன்றரை ஸ்டாப் லாபம். அதன் எடைக்கு கனமான ஸ்டாண்ட், அதற்கு மணல் பை, அதைத் தூக்க நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டும். இன்று நீங்கள் பைக்கில் போய்வருகிறீர்கள். உச்சி வெயிலில் பெரிய ஆக்டாபாக்ஸோடு முழு உருவம் எடுக்கும் ஆர்டர்கள் மாதம் இரண்டு மூன்று வரத் தொடங்கினால் அப்போது வாங்குங்கள். அதுவரை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், அந்த வாடகையை ஆர்டரிலேயே சேர்த்துக் கேட்கலாம்.

40,000இல் பெரும்பகுதியை ஏடி 200 ப்ரோ எடுத்துக்கொள்ளும். டிரிக்கர், ஸ்டாண்ட், குடை, செல் எல்லாம் மிச்சத்தில் வர வேண்டும். இடித்தால் ஏடி 200ஐ இரண்டு மாதம் தள்ளிப் போடுங்கள், மற்றவற்றைத் தள்ளாதீர்கள். பில்லும் இந்திய வாரண்டியும் உள்ள இடத்தில் வாங்குங்கள், லித்தியம் பேட்டரி மாற்ற வேண்டி வரும்போது அது கைகொடுக்கும். கடைக்கு உங்கள் கேமராவையும் டிடி 685ஐயும் எடுத்துப் போங்கள். புது டிரிக்கரை மாட்டி, இரண்டு ஃபிளாஷையும் வேறு வேறு குழுவில் வைத்து, ஏடி 200ஐ முழுச் சக்தியில் இருபது தடவை அடித்துப் பாருங்கள். இருபதும் அடித்து, இருபது படத்திலும் வெளிச்சம் ஒரே அளவாக இருந்தால் பணத்தைக் கொடுங்கள்.